சிவப்பு விளக்கும் லாரி பாட்டரியும்

கம்ப்யூட்டர் வேலைக்கு மூளை வேண்டும் என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் காலத்தில் அதற்கு முதலில் வேண்டியிருந்தது காது. மின்விசிறி லேசாகச் சுணங்குவதை மற்றவர்களுக்கு முன்னால் கேட்டுவிடுகிற காது. அது இல்லாதவர்கள் இந்தத் தொழிலில் மாதக்கணக்கில்கூட நின்றதில்லை. அது இருந்த நான் பல வருஷம் நின்றேன், நின்ற வருஷமெல்லாம் நடுங்கிக்கொண்டே நின்றேன். கரண்ட் போன நொடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "போச்சே!" என்று அலறியவர் நீங்களும் என்றால், வாருங்கள், இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரே கட்சி.

சுற்றாத டிஸ்க்

எண்பதுகளில் சேலம் அஸ்தம்பட்டியில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த மாடியில் எங்கள் ஆபீஸ். ஒரு ஏ.சி. அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு முதலாளி, நான். நான் ஓமலூர்ப் பெண். பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். முதலாளி நாமக்கல்காரர், லாரி ஓட்டிச் சலித்துப்போய் லாரியை விற்றுக் கம்ப்யூட்டர் வாங்கிய மனுஷர். எங்களுக்கு வேலை கொடுத்தவை கோழிகள். நாமக்கல் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் கோழிப்பண்ணை முளைத்துக்கொண்டிருந்த காலம். தீவனத்தில் மக்காச்சோளம் எவ்வளவு, கடலைப் புண்ணாக்கு எவ்வளவு, கருவாட்டுத் தூள், தவிடு, கிளிஞ்சல், உப்பு எவ்வளவு என்று எங்கள் புரோகிராம் கணக்குப் போட்டுக் கொடுக்கும். சத்தும் குறையக் கூடாது, செலவும் ஏறக் கூடாது.

கணக்கு சரியாகத்தான் வரும், ஆனால் வரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஃப்ளாப்பி டிரைவ் கர்ர் கர்ர் என்று இருமிக்கொண்டு எண்களைத் தேடும். ஒரு பண்ணையின் கணக்கு முடிவதற்குள் கீழே போய் டீ குடித்து, டீக்கடைக்காரர் குடும்பக் கதையையும் கேட்டுவிட்டு வரலாம். இதைப் பார்த்துப் பொறுக்காமல் முதலாளியின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு போர்டு கொண்டுவந்தார். வரிசையாக மெமரி சில்லுகள் பதித்த போர்டு. அதைச் செருகினால் கம்ப்யூட்டர் அதை இன்னொரு டிஸ்க் என்றே நம்பிவிடும். ஆனால் சுற்றாது, இருமாது, தேடாது. கேட்டவுடன் கொடுத்துவிடும். காலையில் ஃப்ளாப்பியில் இருப்பதையெல்லாம் அதில் ஏற்ற வேண்டும், பகல் முழுக்க அதில் வேலை பார்க்க வேண்டும், சாயங்காலம் திரும்ப ஃப்ளாப்பிக்கு இறக்க வேண்டும். முதலாளி லாரிக்காரர் இல்லையா, "லோடு ஏத்தியாச்சா? லோடு எறக்கியாச்சா?" என்றுதான் கேட்பார்.

முதல் நாள் கணக்கைக் கொடுத்துவிட்டு விரலை எடுப்பதற்குள் விடை வந்து நின்றது. நான் பயந்தே போனேன். எதையோ தப்பாகத் தட்டிவிட்டோம் என்று மறுபடி போட்டுப் பார்த்தேன், அதே விடை. முதலாளி குதிக்காத குறை. நான் மட்டும் அந்தப் போர்டுடன் வந்த புத்தகத்தை எடுத்துப் படித்தேன். கரண்ட் ஒரு நொடி போனாலும் போர்டில் இருப்பது அத்தனையும் போய்விடும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால் கடுகளவு ஒரு சிவப்பு விளக்கு இருக்கும், அது எரிகிற வரைக்கும்தான் உயிர். இதைப் படித்துக் காட்டினேன். முதலாளி மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"வண்டி டாப் கியர்ல போவுது புள்ள. இப்பப் போயி பிரேக் இருக்குதான்னு கேக்கறயே!"

கண்ணடித்த கரண்ட்

அந்தக் காலத்துக் கரண்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரேயடியாகப் போனால்கூட மனசு ஆறிவிடும். அது கண்ணடிக்கும் பாருங்கள், அதுதான் கொடுமை. ட்யூப் லைட் ஒரு தரம் சிமிட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுபடி எரியும். வீட்டில் இருப்பவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்கோ காலையிலிருந்து தட்டிய அத்தனையும் அந்த ஒரு சிமிட்டலில் ஆவியாகியிருக்கும். "ஏண்டா கரண்டாபீஸ்காரா, கொடுத்தா ஒழுங்காக் கொடு, இல்லைன்னா எடுத்துட்டுப் போய்த்தொலை" என்று ஜன்னலைப் பார்த்துத் திட்டுவேன். அங்கே டிரான்ஸ்பார்மர்தான் நிற்கும்.

அப்படி ஒரு சிமிட்டல் நடந்த அன்றைக்குத்தான் பழனியம்மாள் முதல் தடவையாக வந்தார். பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் தோட்டம், கணவர் வடநாட்டு லாரியில் டிரைவர், பண்ணையை இவர்தான் பார்த்துக்கொள்கிறார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் தீவனம், கருவாட்டு வாசனை ஏ.சி. அறை முழுக்க மணத்தது. செருப்பை மாடிப்படிக்குக் கீழேயே விட்டுவிட்டு வந்து, கோவில் வாசலில் நிற்கிற மாதிரி கதவோரம் நின்றார். அந்த நேரம் பார்த்து லைட் கண்ணடித்தது. பச்சை எழுத்துகள் மறைந்தன, திரை கறுத்தது, மெஷின் முதலிலிருந்து கிளம்பியது. மெமரி டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் துடைத்து வைத்த தட்டு மாதிரி வெறுமையாக இருந்தது.

எனக்குக் கை வெடவெடவென்று நடுங்கியது. கஸ்டமர் முன்னால் பயத்தைக் காட்டக் கூடாது என்பது முதலாளி போட்டிருந்த சட்டம். "இழவூட்டு மூஞ்சிய வெச்சுக்கிட்டு உக்காந்தா எவன் வருவான்?" என்பார். அதனால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணுமில்லீங்க, உள்ள இருந்த கணக்கு போயிருச்சு, மறுபடி போட்டுக்கலாம்" என்று இளித்தேன். பழனியம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார், மெஷினை ஒரு பார்வை பார்த்தார், அதற்கு அடியில் குனிந்தும் பார்த்தார். அப்புறம் இன்றுவரைக்கும் எனக்குப் பதில் தெரியாத அந்தக் கேள்வியைக் கேட்டார்:

"ஏனுங் அம்முணி, போயிருச்சுன்னா எங்கீங்க போயிருச்சு?"

பஞ்சாப் போய் வந்த பாட்டரி

அந்தப் போர்டுக்கென்று தனியாக ஒரு பாட்டரி மாட்டலாம், மாட்டினால் கரண்ட் போனாலும் மெமரி உயிரோடு இருக்கும் என்று புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டிருந்தது. அந்தப் பாட்டரியை எங்கே போய் வாங்குவது? மச்சானுக்கு எழுதிப் போட்டால் அடுத்த லீவுக்கு வரும்போது பார்க்கலாம் என்று பதில். முதலாளிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து ரங்கன் என்ற எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ரங்கன் தோளில் ஒரு லாரி பாட்டரி. அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்து, செருப்போடு நேராக ஏ.சி. அறைக்குள் வந்து, 'தொம்' என்று வைத்தார். மேஜை ஆடியது. என் உயிரும் ஆடியது.

ரங்கன் நல்ல மனுஷர்தான், கை சுறுசுறுப்பு, வாய் அதைவிடச் சுறுசுறுப்பு. என்னை 'டீச்சருங்க' என்றுதான் கூப்பிடுவார், நான் டீச்சர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும். பாட்டரிக்கு ஒரு மர அலமாரி, அதை எப்போதும் நிரப்பி வைக்க ஒரு சார்ஜர், அங்கிருந்து இரண்டு வயர் இழுத்து நடுவில் ஏதோ ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தி, போர்டில் மாட்டினார். மாட்டி முடித்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மெயின் சுவிட்சை இறக்கினார். நான் வீல் என்று கத்திவிட்டேன். ஏ.சி. நின்றது, திரை இருண்டது. ஆனால் பெட்டிக்குப் பின்னால் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுபடி சுவிட்சைப் போட்டுப் பார்த்தால் மெமரி டிஸ்க்கில் எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு பயம் போய் ஒன்பது பயம் வந்தது. ஆசிட் வாடை மூக்கைக் குடைந்தது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும்போது என் நைலக்ஸ் புடவையில் எங்கோ ஒரு துளி பட்டிருக்கிறது, துவைத்து எடுத்தபோது ஓட்டை. பாட்டரி வெடிக்குமா, ஒழுகுமா, ஷாக் அடிக்குமா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ரங்கன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு, பக்கத்தில் நெருப்பு மட்டும் கொண்டுவராதீர்கள் என்றார். மற்றதற்கெல்லாம் சேர்த்து ஒரே பதில்தான்:

"இது பஞ்சாப் வரைக்கும் போயிட்டு வந்த பாட்டரிங்க டீச்சருங்க. உங்க அஸ்தம்பட்டியத் தாங்காதுங்களா?"

தோல் முட்டை

பழனியம்மாள் எதற்காக எங்களிடம் வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அவர் பண்ணையில் கோழிகள் தோல் முட்டை இட்டுக்கொண்டிருந்தன. ஓடே பிடிக்காத முட்டை, கையில் எடுத்தால் தண்ணீர் ஊற்றிய பலூன் மாதிரி கொழகொழவென்று இருக்கும். அதை யார் வாங்குவார்கள்? கணவருடைய தம்பிக்கு அந்தக் கோழிக் கொட்டகையின் மேல், அதாவது சேடின் மேல், ரொம்ப நாளாகக் கண். "பொம்பளை கையில பண்ணையக் கொடுத்தா இப்படித்தான்" என்று ஆரம்பித்து, குடும்பமாக உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். இப்போது இருக்கிற கோழிகள் முட்டையிட்டு முடிகிற வரைக்கும் பழனியம்மாள் பார்க்கலாம். அதற்குள் சறுக்கினால் சேடின் சாவி கொழுந்தனாருக்கு. இதை அவர் அழாமல், கொள்ளாமல், பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னார்.

அன்றைக்கு அவருக்குத் தீவனக் கணக்குப் போட உட்கார்ந்தபோது என் பயத்துக்கு அளவே இல்லை. ஓடு கெட்டிப்படக் கிளிஞ்சலைக் கூட்ட வேண்டும், அது சரி. ஆனால் உப்பு இருக்கிறதே, அது பொல்லாதது. புள்ளி ஒரு இடம் தள்ளி விழுந்தால் போதும், கோழிகள் தண்ணீர் தண்ணீர் என்று குடித்தே செத்துப்போகும். மெஷினோ விரலை எடுப்பதற்குள் விடை சொல்லிவிடுகிறது. மெதுவாகச் சொல்கிறவனை நம்பலாம், இத்தனை வேகமாகச் சொல்கிறவனை எப்படி நம்புவது? பிரிண்ட் எடுத்து, உப்பின் வரியில் விரலை வைத்து வாய்விட்டுப் படித்தேன். அவர் படி இறங்கும்போது "ஒரு நிமிஷம் இருங்க" என்று ஓடிப்போய் வாங்கி மறுபடி படித்தேன். தெருவில் போய் நின்றவரை ஜன்னலிலிருந்து கூப்பிட்டு, மூன்றாவது தடவையும் படித்தேன். காகிதம் என் கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. பழனியம்மாள் காகிதத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுமையாக மூன்று தடவையும் கேட்டுவிட்டுத்தான் போனார்.

கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வந்தார். வந்தவுடன் மடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து என் மேஜையில் டக் டக் என்று தட்டினார். கல் மாதிரி ஓடு. ஐயோ, எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்வேன்! முதலாளியிடம் ஓடிப்போய்க் காட்டினேன், மருந்துக்கடைக்காரரிடம்கூடக் காட்டினேன். கொழுந்தனார் என்ன சொன்னார் என்று கேட்டேன். பழனியம்மாள் முட்டையைத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டே சொன்னார்:

"தட்டிப் பாத்துட்டு மூச்சு வுடாமப் போயிட்டாருங்க. ஆனா எப்ப சறுக்குவேன்னு வேலியோரம் நின்னு பாத்துக்கிட்டேதான் இருக்கறாருங்க."

டிரைவுக்குள் பல்லி

மழைக்காலம் ஆரம்பித்த சமயம், ஏ.சி. அறைக்குக் குளிர் காயப் பல்லிகள் வர ஆரம்பித்தன. மெஷினுக்குப் பின்னால்தான் கதகதப்பாக இருக்குமாமே. அதில் ஒன்று ஃப்ளாப்பி டிரைவுக்குள் புகுந்து, அங்கேயே உயிரை விட்டு, போகும்போது டிரைவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பல்லி விழுந்தால் என்ன பலன் என்று முதலாளி காலண்டரைப் புரட்டினார். நான் பலனைக் கண்ணெதிரிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவ் ரிப்பேருக்கு மெட்ராஸுக்குப் போனது. போனது போனதுதான், வருகிற வழியைக் காணோம்.

இதன் அர்த்தம் உங்களுக்குப் புரிகிறதா? லோடு ஏற்றியது ஏற்றியபடி மெமரியில் நிற்கிறது, இறக்க இடமில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் எல்லாப் பண்ணைகளின் கணக்கும் இரண்டு வயரில் தொங்கிக்கொண்டிருக்கும். அதுவும் அந்தச் சமயத்தில்தான் மக்காச்சோளத்துக்குத் தட்டுப்பாடு வந்து, பழனியம்மாள் கம்புக்கு மாற வேண்டியிருந்தது. கம்பு, புதுப் புண்ணாக்கு, புதுக் கருவாடு எல்லாவற்றையும் பரிசோதித்து வந்த எண்களை அவருக்காகப் புதிதாக ஏற்றி, நாலைந்து விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் அந்தப் போர்டில்தான். வேலையை நிறுத்திவைக்கலாம் என்று முதலாளியிடம் கெஞ்சினேன். "பாட்டரிதான் இருக்குதல்லோ, சும்மா கெடக்கமாட்டயா?" என்று அதட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறிச்சோறு. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. பஸ் ஏறி அஸ்தம்பட்டிக்கே வந்துவிட்டேன். பூட்டிய கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் மெஷின் மறைத்தது, விளக்கு தெரியவில்லை. சாவி முதலாளியிடம். கீழே கட்டிடத்துக்குக் காவல் இருந்த பெரியவர் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியும் என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். எரிந்துகொண்டிருந்தது. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்:

"ஏதோ சாமி வெளக்குன்னு நெனச்சு, நான் தெனமும் இங்க நின்னுதானுங்க கும்புட்டுக்கறேன்."

பொட்டு வைத்த பிரிண்டர்

அப்புறம் ஆயுத பூசை வந்தது. லாரிக்காரர் ஆபீஸில் ஆயுத பூசை என்றால் கேட்க வேண்டுமா? காலையிலேயே அறையைக் கழுவித் தள்ளிவிட்டார்கள். முதலாளி மானிட்டருக்கு விபூதிப் பட்டை போட்டார், கீபோர்டுக்குச் சந்தனம் வைத்தார், ஸ்டேபிலைசருக்கு மாலை போட்டார். பழனியம்மாளும் வந்திருந்தார். மறுநாள் விஜயதசமிக்கு அவருடைய தீவனத்தை அரைவை மில்லில் அரைப்பதாகச் சொல்லிவைத்திருந்தார்கள், கம்புக் கணக்குக் காகிதம் அன்றைக்கே அவருக்கு வேண்டும். கணக்கை முடித்துவிட்டேன், உப்பையும் பார்த்துவிட்டேன். பிரிண்ட் எடுக்கத் திரும்பினால் பிரிண்டருக்குக் குங்குமம் வைத்து, மேலே பொரிகடலைத் தட்டையும் வைத்துவிட்டிருந்தார் முதலாளி. பொட்டு வைத்த ஆயுதத்தைப் பூசை முடிந்து மறுநாள் வரைக்கும் தொடக் கூடாதாம். ஒரே ஒரு காகிதம் என்றேன். "இன்னிக்கு மிஷினுக்கு லீவு புள்ள. நாளைக்குக் காலைல மொத வேலையா அடிச்சுக் குடுத்தர்லாம்" என்று சொல்லிக்கொண்டே மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். அறை அமைதியாகிவிட்டது. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

அந்த நேரத்தில் ரங்கன் வந்து நிற்கிறார், பாட்டரியைக் கழற்றிக்கொண்டு போக. பட்டறையில் பாட்டரி, ஜாக்கி, ஸ்பேனர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் படைப்பார்களாம், இதுவும் அந்த வரிசையில் இருக்க வேண்டுமாம். "பூசைக்கு வெக்காத பாட்டரிய எந்த வண்டியிலயும் மாட்ட மாட்டமுங்க" என்றார். நான் அலமாரிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டேன். என்னைக் கொன்று போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்று கத்தினேன், இத்தனை பேருக்கு முன்னால் நான் அப்படிக் கத்தியதே கிடையாது. கடைசியில் முதலாளி பஞ்சாயத்துப் பண்ணினார். பாட்டரி பூசைக்குப் போக வேண்டாம், பூசை பாட்டரிக்கு வரட்டும்.

அலமாரிக் கதவைத் திறந்தார்கள். காலையிலிருந்து சார்ஜ் ஏறிய பாட்டரி, அலமாரிக்குள்ளேயே அடைந்து கிடந்த ஆசிட் வாடை குப்பென்று வந்தது. முதலாளி தட்டில் கற்பூரத்தை ஏற்றி, "வேலு, முருகா" என்று சொல்லிக்கொண்டு, குனிந்து தட்டை அலமாரிக்குள் நீட்டப் போனார். ரங்கனின் முகம் வெளுத்தது. "ஐயோ நெருப்பு! கேஸு! வெடிச்சிரும்!" என்று கூவிக்கொண்டே பாய்ந்தார். பயத்தில் தட்டைத் தள்ள வேண்டியவர், பாட்டரியின் கைப்பிடியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துவிட்டார். இரண்டு கிளிப்பும் படார் படார் என்று பிடுங்கிக்கொண்டு வந்தன. பாட்டரி வெடிக்கவில்லை. முதலாளிக்கு மீசையில் ஒரு முடிகூடக் கருகவில்லை. எல்லாரும் மூச்சு விட்டார்கள். நான் மட்டும் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால் பார்த்தேன். விளக்கு அணைந்திருந்தது.

முதலாளி எரிகிற தட்டோடு அப்படியே நின்றார். பழனியம்மாள் நடந்தது புரியாமல், கதவோரத்திலிருந்து வந்து கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இனி நான்தான் சொல்ல வேண்டும். அவரை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உங்கள் கணக்கு போய்விட்டது, கம்புக் கணக்கு, அதற்காக ஏற்றிய எண்கள், எல்லாமே போய்விட்டது, நாளைக்கு மில்லில் அரைக்கக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே வேலியோரம் நிற்கிற கொழுந்தனார் என் கண்ணில் தெரிந்தார். சேடின் சாவியும் தெரிந்தது. அழுதுவிட்டேன், சத்தமாகவே அழுதேன். பழனியம்மாள் முந்தானையால் என் மூஞ்சியைத் துடைத்துவிட்டு, "அட, வெசனப்படாதீங் அம்முணி. பழைய தீவனம் மூட்டை மூட்டையா எடுத்து வெச்சிருக்கறேன், நீங்க மறுக்கா கணக்குப் போடற வரைக்கும் தாங்குமுங்க" என்றார். எனக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது. இப்படி ஆகும் என்று உங்களுக்கு யார் சொன்னது, ரங்கனா, முதலாளியா என்று கேட்டேன்.

"ஆரும் சொல்லுலீங்க. மொத நாளே உங்க கையி நடுங்கறதப் பாத்தனுங்க. மிஷினு பக்கத்துலயே பொழுதுக்கும் உக்காந்திருக்கற புள்ளயே இத்தன பயப்படுதே, நாம எதுக்கும் எடுத்து வெச்சுக்குவோம்னு ஒவ்வொருக்காவும் அரைக்கறப்பத் தனியா ஒதுக்கிருவனுங்க. உங்க மொதலாளி சிரிச்ச மூஞ்சிய மட்டும் நம்பியிருந்தா, இந்நேரம் என்ற சேடு போயிருக்குமுங்க அம்முணி!"

கடைசியாக

விஜயதசமி கழிந்து, மெட்ராஸ் போன டிரைவ் ஒருவழியாகத் திரும்பி வந்ததும், அந்த அறையில் முதன்முதலாக ஏறிய லோடு பழனியம்மாளின் கம்புதான். பரிசோதனை எண்களை ஆய்வுக்கூடத்தில் மறுபடி கேட்டு வாங்கி, உப்பில் விரலை வைத்து வாய்விட்டுப் படித்து, கை நடுங்க நடுங்கக் கொடுத்தேன். இந்தத் தடவை கையைத் தொடைக்கு அடியில் ஒளித்துவைக்கவில்லை, முதலாளியும் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கோழிகள் ஓடு கெட்டியான முட்டைகளாகவே இட்டு முடித்தன, சேடின் சாவி கடைசி வரைக்கும் பழனியம்மாள் இடுப்பில்தான் தொங்கியது.

ஆகவே, கரண்ட் போனால் அலறுகிற என் கட்சிக்காரர்களே, எங்கள் அஸ்தம்பட்டி மாடியில் மெயின் சுவிட்சை இறக்கினாலும் பாட்டரியைப் பிடுங்கினாலும் அழியாமல் நின்ற சரக்கு ஒன்றே ஒன்றுதான், அது என்னுடைய பயம்.